இணைப்புத் தானுந்துகளில் தனியுரிமை

இணைப்புத் தானுந்துகளில் தனியுரிமை என்பது, இணையத்துடன் இணைக்கப்பட்ட தானுந்துகள் (கார்கள்) தம் உரிமையாளர், ஓட்டுநர், பயணிகள், வழியில் செல்வோர் ஆகியோரைப் பற்றித் திரட்டும் தரவுகளையும், அத்தரவுகளின் மீது அம்மக்களுக்கு உள்ள உரிமையையும், அவற்றைப் பாதுகாக்கும் வழிகளையும் குறிக்கும். தனக்கென ஒரு சிம் அட்டையையும் செல்பேசி வலையமைப்புத் தொடர்பையும் கொண்ட தானுந்து இணைப்புத் தானுந்து எனப்படுகின்றது. அது எங்கே நிற்கின்றது, எவ்வளவு வேகத்தில் செல்கின்றது, தடை (பிரேக்) எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, கதவு எப்போது திறக்கப்பட்டது போன்ற தகவல்கள், அதை உற்பத்தி செய்த நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளுக்கு அனுப்பப்படக்கூடும்.

இத்தரவுகளால் பல நன்மைகள் உண்டு. விபத்து நேர்ந்தால் உதவியை வரவழைக்கவும், திருடப்பட்ட வண்டியைக் கண்டுபிடிக்கவும், பழுதை முன்கூட்டியே அறியவும், மென்பொருள் பிழைகளைத் தொலைவிலிருந்தே திருத்தவும் அவை உதவுகின்றன. எனினும், அதே தரவுகள் ஒருவரின் அன்றாட வாழ்வை முழுமையாக வரைந்து காட்டக்கூடியவை. அவர் செல்லும் மருத்துவமனை, வழிபாட்டிடம், கட்சி அலுவலகம், நண்பர் வீடு ஆகிய அனைத்தும் வண்டியின் வழித்தடத்தில் பதிவாகின்றன. இத்தரவுகள் உரிமையாளர் அறியாமலேயே பிறருக்கு விற்கப்பட்ட நிகழ்வுகள் 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த பின்னர், இத்துறை பொதுமக்களின் கவனத்தைப் பெரிதும் பெற்றது.

வரலாறு

தானுந்துகளில் உள்ள மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான 'கேன்' எனப்படும் உள்வலையமைப்பை, செருமனியின் போசு (பாஷ்) நிறுவனம் 1986 இல் அறிமுகப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரி முதல், விற்கப்படும் எல்லாத் தானுந்துகளிலும் 'ஓ.பி.டி-2' எனப்படும் பழுதறி செருகுமுனை கட்டாயமாக்கப்பட்டது. புகை வெளியேற்றத்தைச் சோதிப்பதே அதன் முதன்மை நோக்கம். ஆயினும், வண்டியின் உள்ளே ஓடும் தரவுகளை வெளியிலிருந்து படிப்பதற்கான பொதுவான வாயிலாகவும் அது அமைந்தது.

செல்பேசித் தொடர்பு கொண்ட முதல் பெரிய வணிகச் சேவை ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்தின் 'ஆன்சுடார்' ஆகும். இது 1996 இல் அந்நிறுவனத்தின் காடிலாக் வகை வண்டிகளில் அறிமுகமானது. விபத்தில் காற்றுப்பை விரிந்தால் உதவி மையத்திற்குத் தானாக அழைப்பு விடுப்பது இதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. பின்னர் நகர்பேசிச் செயலி மூலம் கதவைத் திறத்தல், குளிரூட்டியை இயக்குதல், வண்டி இருக்கும் இடத்தைக் காணல் போன்ற வசதிகள் பல நிறுவனங்களின் வண்டிகளில் இடம்பெற்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 'ஈ-கால்' எனப்படும் அவசர அழைப்பு முறைமை, 2018 மார்ச் 31 முதல் புதிய வகைத் தானுந்துகளில் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் 2019 இல் இணைப்பு வசதியை முதன்மை விளம்பரமாகக் கொண்ட வண்டிகள் சந்தைக்கு வந்தன. எம்.ஜி. எக்டர், தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூர் அருகே உள்ள ஆலையில் உற்பத்தியான உண்டாய் வென்யூ ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

தரவு திரட்டப்படும் முறை

உணரிகளும் கட்டுப்பாட்டு அலகுகளும்

தற்காலத் தானுந்து ஒன்றில் பல பத்து மின்னணுக் கட்டுப்பாட்டு அலகுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சிறு கணினி ஆகும். பொறி, தடை, திசைமாற்றி, இருக்கைப் பட்டை, கதவு, விளக்கு ஆகியவற்றில் உள்ள உணரிகள் தரும் அளவுகளை இவை உள்வலையமைப்பின் வழியே பகிர்ந்து கொள்கின்றன. இப்பகிர்வு வண்டி இயங்குவதற்கே இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, சக்கரம் சறுக்குவதைத் தடுக்க வேண்டுமாயின், ஒவ்வொரு சக்கரத்தின் வேகமும் திசைமாற்றியின் கோணமும் நொடிக்குப் பலமுறை ஒப்பிடப்பட வேண்டும்.

இத்தரவுகள் வண்டிக்குள்ளேயே தோன்றி அங்கேயே மறையும் வரை தனியுரிமைச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அலகு என்னும் கருவி சேர்க்கப்பட்ட பின்னரே நிலை மாறியது. இவ்வலகில் சிம் அட்டை, உணர்கொம்பு (ஆன்டெனா), செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜி.பி.எஸ். ஏற்பி ஆகியன உள்ளன. உள்வலையமைப்பில் ஓடும் தரவுகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றை இது உற்பத்தி நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்புகின்றது. எவற்றை, எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள். அம்மென்பொருளைத் தொலைவிலிருந்தே மாற்ற முடியும் என்பதால், வண்டியை வாங்கிய நாளில் இருந்த நிலை பின்னரும் அப்படியே இருக்கும் என்று கூற இயலாது.

தகவல்-கேளிக்கைத் திரை

ஓட்டுநருக்கு அருகே உள்ள தொடுதிரை, பாட்டு, வழிகாட்டி, தொலைபேசி ஆகியவற்றுக்குப் பயன்படுகின்றது. நகர்பேசியைப் புளூடூத் வழியாகவோ யு.எஸ்.பி. வடம் வழியாகவோ இத்திரையுடன் இணைக்கும்போது, தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், சில வேளைகளில் குறுஞ்செய்திகள் ஆகியன வண்டியின் நினைவகத்தில் படியெடுக்கப்படுகின்றன. நகர்பேசியை எடுத்துச் சென்ற பின்னரும் இப்படிகள் அங்கேயே தங்கிவிடக்கூடும். வாடகை வண்டிகளிலும் பயன்படுத்திய வண்டிகளிலும் முன்னர் ஓட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

நிகழ்வுப் பதிவுக் கருவி

வானூர்தியின் கறுப்புப் பெட்டியை ஒத்த கருவி இது. காற்றுப்பையைக் கட்டுப்படுத்தும் அலகில் அமைந்திருக்கும் இக்கருவி, மோதலுக்குச் சற்று முன்னரும் பின்னரும் வண்டியின் வேகம், தடை அழுத்தப்பட்டதா, இருக்கைப் பட்டை அணியப்பட்டிருந்ததா போன்றவற்றைப் பதிவு செய்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2006 இல் வெளியான விதி, மோதலுக்கு முந்திய 5 நொடித் தரவைப் பதிவு செய்யுமாறு கூறியது. 2024 திசம்பரில் இது 20 நொடியாக நீட்டிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 சூலை முதல் பதிவாகும் எல்லாப் புதிய தானுந்துகளிலும் இக்கருவி கட்டாயம். இக்கருவி தொடர்ச்சியாகத் தரவைச் சேமிப்பதில்லை. மோதல் நிகழாவிடில் பழைய அளவுகள் மேலெழுதப்பட்டு அழிகின்றன. ஆகவே தனியுரிமை நோக்கில், தொலைத்தொடர்பு அலகை விட இது குறைந்த இடர் உடையது.

சக்கரக் காற்றழுத்த உணரி

இணையத் தொடர்பே இல்லாத வண்டியும் அடையாளம் காணப்படலாம் என்பதற்கு இவ்வுணரி ஒரு சான்று. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள உணரி, தனக்கே உரிய எண்ணுடன் காற்றழுத்த அளவை வானலை வழியே அனுப்புகின்றது. இவ்வெண் மறையீடு செய்யப்படாமல் அனுப்பப்படுவதையும், ஓடும் வண்டியிலிருந்து 40 மீட்டர் தொலைவு வரை அதை ஒட்டுக்கேட்க முடிவதையும், ஐக்கிய அமெரிக்காவின் இரட்கர்சு, தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் காட்டினர்.

திரட்டப்படும் தரவு வகைகள்

வண்டியின் வகைக்கும் நிறுவனத்திற்கும் ஏற்ப இவை வேறுபடும். பொதுவாகக் காணப்படுபவை பின்வருமாறு:

- இருப்பிடம்: தற்போதைய இடம், சென்ற வழி, நிறுத்திய இடம், வழிகாட்டியில் தேடிய முகவரிகள்.
- ஓட்டும் முறை: வேகம், திடீர்த் தடை, விரைவான முடுக்கம், வளைவில் திரும்பும் விதம், ஓட்டிய நேரம்.
- வண்டியின் நிலை: ஓடிய தொலைவு, எரிபொருள் அல்லது மின்கல அளவு, பழுதுக் குறியீடுகள்.
- வண்டிக்குள் இருப்போர்: எத்தனை பேர் அமர்ந்துள்ளனர், குரல் ஆணைகள், ஓட்டுநரின் கண்ணையும் தலையையும் கவனிக்கும் உட்புற ஒளிப்படக் கருவியின் தரவு.
- வெளிச் சூழல்: வெளிப்புற ஒளிப்படக் கருவிகளில் பதிவாகும் சாலை, பிற வண்டிகள், வழிப்போக்கர்கள், வீடுகள்.
- கணக்கு விவரங்கள்: பெயர், முகவரி, மின்னஞ்சல், பணம் செலுத்தும் விவரம், செயலியைப் பயன்படுத்தும் நேரங்கள்.

இவற்றுள் பெரும்பாலானவை வண்டி அடையாள எண்ணுடன் இணைத்தே சேமிக்கப்படுகின்றன. இவ்வெண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. வண்டியின் பதிவு, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகிய எல்லா ஆவணங்களிலும் இதே எண் இடம்பெறுவதால், அதைக் கொண்டு உரிமையாளரை அறிவது எளிது.

தரவு யாரிடம் செல்கின்றது

தரவு முதலில் உற்பத்தி நிறுவனத்தையோ, அதற்காகப் பணிபுரியும் தொழில்நுட்ப நிறுவனத்தையோ அடைகின்றது. அங்கிருந்து அது விற்பனை முகவர்கள், காப்பீட்டு நிறுவனங்கள், தரவுத் தரகர்கள், விளம்பர நிறுவனங்கள், காவல்துறை ஆகியோருக்குச் செல்லக்கூடும். திரையில் பயன்படுத்தப்படும் வெளியார் செயலிகள் தனியாகவும் தரவு திரட்டக்கூடும். பழுதறி செருகுமுனையில் காப்பீட்டு நிறுவனம் தரும் சிறு கருவியைப் பொருத்துவோரின் தரவு நேரடியாக அந்நிறுவனத்தை அடைகின்றது.

தரவுத் தரகர் என்பவர், பல இடங்களிலிருந்து மக்களைப் பற்றிய தரவுகளை வாங்கித் தொகுத்துப் பிறருக்கு விற்பவர். ஓட்டும் முறை பற்றிய தரவுக்கு இவர்கள் தரும் விலை மிகக் குறைவாகவும் இருக்கலாம். ஐக்கிய அமெரிக்க மேலவை உறுப்பினர்களான இரான் வைடன், எட்வர்டு மார்க்கி ஆகியோர் 2024 சூலையில் வெளியிட்ட கடிதத்தின்படி, ஓண்டா நிறுவனம் 97,000 தானுந்துகளின் தரவை ஒரு தரகருக்கு அளித்து 25,920 டாலர் பெற்றது. இது வண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 26 சென்ட் ஆகும். உண்டாய் நிறுவனம் 17 இலட்சம் தானுந்துகளுக்கு ஏறத்தாழ 10.4 இலட்சம் டாலர், அதாவது வண்டி ஒன்றுக்கு 61 சென்ட் பெற்றது. நிறுவனத்திற்குக் கிடைத்த இச்சிறு தொகைக்கும், கட்டணம் உயர்ந்தால் ஓட்டுநருக்கு ஏற்படும் இழப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது.

பெயரை நீக்குவதன் வரம்பு

தரவிலிருந்து பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டால் தனியுரிமை காக்கப்படும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இருப்பிடத் தரவைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையன்று. ஒரு வண்டி ஒவ்வோர் இரவும் ஒரே வீட்டு வாயிலிலும், பகலில் ஒரே அலுவலகத்திலும் நிற்குமாயின், அவ்விரு இடங்களையும் சேர்த்துப் பார்த்தே அதை ஓட்டுபவரை அறிந்துவிடலாம். 15 இலட்சம் பேரின் செல்பேசி இருப்பிடத் தரவைக் கொண்டு 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் இருந்தாலே 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காண முடியும் என்று காட்டியது. தானுந்தின் வழித்தடம் செல்பேசிக் கோபுரத் தரவை விடத் துல்லியமானது என்பதால், அதில் மறைந்திருப்பது இன்னும் கடினம்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

ஜீப் செரோக்கி ஊடுருவல் (2015)

பாதுகாப்பு ஆய்வாளர்களான சார்லி மில்லர், கிரிசு வலாசெக் ஆகியோர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டி ஒன்றின் தொடுதிரை அமைப்பினுள் செல்பேசி வலையமைப்பு வழியாக நுழைந்து, அதன் பொறியையும் தடையையும் கட்டுப்படுத்திக் காட்டினர். இதைத் தொடர்ந்து 14 இலட்சம் வண்டிகள் திருத்தத்திற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. வண்டியிலிருந்து தரவு வெளியே செல்லும் அதே வழியில், கட்டளை உள்ளேயும் வரக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

டொயோட்டா இருப்பிடத் தரவு (2023)

சப்பானில் ஏறத்தாழ 21.5 இலட்சம் வாடிக்கையாளர்களின் வண்டித் தரவு, 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை இணையத்தில் வெளியார் அணுகக்கூடிய நிலையில் இருந்ததாக டொயோட்டா நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவித்தது. மேகக் கணிமைச் சேமிப்பின் அமைப்பில் நேர்ந்த தவறே காரணம்.

டெசுலா ஒளிப்படங்கள் (2023)

வாடிக்கையாளர்களின் வண்டிகளில் உள்ள ஒளிப்படக் கருவிகள் பதிவு செய்த படங்களை, டெசுலா நிறுவனப் பணியாளர்களுள் சிலர் 2019 முதல் 2022 வரை தமக்குள் பகிர்ந்து வந்ததாக இராய்ட்டர்சு செய்தி நிறுவனம் 2023 ஏப்ரலில் செய்தி வெளியிட்டது.

மொசில்லா மதிப்பீடு (2023)

மொசில்லா அறக்கட்டளை 2023 செப்டம்பரில் 25 தானுந்து வணிகப் பெயர்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றுகூடத் தேறவில்லை என்று அறிவித்தது. 84 விழுக்காட்டு நிறுவனங்கள் தரவைப் பிறருடன் பகிரலாம் எனவும், 76 விழுக்காடு விற்கலாம் எனவும் தம் கொள்கைகளில் கூறியிருந்தன. தரவை அழிக்கும் உரிமையை எல்லா ஓட்டுநர்களுக்கும் அளித்தவை ரெனோ, டாசியா ஆகிய இரண்டு மட்டுமே. இவை இரண்டும் ஐரோப்பாவில் விற்கப்படுபவை என்பதையும், அங்கு வலுவான சட்டம் உள்ளது என்பதையும் அவ்வறிக்கை சுட்டியது.

ஜெனரல் மோட்டார்சு வழக்கு (2024-2026)

ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் 'சுமார்ட் டிரைவர்' என்னும் வசதியின் மூலம் திரட்டிய ஓட்டும் முறைத் தரவுகளைத் தரவுத் தரகர்களுக்கு அளித்து வந்ததை, நியூயார்க் டைம்சு நாளிதழ் 2024 மார்ச்சில் வெளியிட்டது. அத்தரகர்கள் அதைக் கொண்டு ஓட்டுநர்களுக்கு இடர் மதிப்பெண் கணித்துக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு விற்றனர். சியாட்டில் அருகே வாழும் ஓட்டுநர் ஒருவரின் காப்பீட்டுக் கட்டணம் 2022 இல் 21 விழுக்காடு உயர்ந்தது. காரணம் அறிய அவர் தரகர் நிறுவனத்திடம் தன் அறிக்கையைக் கேட்டபோது, 258 பக்கங்கள் கிடைத்தன. அவரும் அவர் மனைவியும் ஆறு மாதங்களில் மேற்கொண்ட 640 பயணங்களின் தொடக்க நேரம், முடிவு நேரம், தொலைவு, வேக மீறல், திடீர்த் தடை ஆகியன அதில் இருந்தன. எங்கே சென்றார்கள் என்பது மட்டும் அதில் இல்லை.

இச்செய்தி வெளியான சில நாட்களில் நிறுவனம் அப்பகிர்வை நிறுத்தியது. பின்னர் அவ்வசதியும் கைவிடப்பட்டது. 2024 ஆகத்தில் டெக்சாசு மாநிலத் தலைமை வழக்கறிஞர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம், இருப்பிடத் தரவு 3 நொடிக்கு ஒருமுறை கூடத் திரட்டப்பட்டதாகக் குற்றம் சாட்டியது. இருப்பிடத்தையும் ஓட்டும் முறையையும் பற்றிய தரவை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் அளிக்கக் கூடாது என்னும் உடன்பாட்டு ஆணையை, ஆணையம் 2025 சனவரியில் முன்மொழிந்து 2026 சனவரியில் உறுதி செய்தது.

வோக்சுவாகன் தரவுக் கசிவு (2024)

வோக்சுவாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாட், ஏறத்தாழ 8 இலட்சம் மின்தானுந்துகளின் தரவைப் பாதுகாப்பின்றி மேகக் கணிமைச் சேமிப்பில் வைத்திருந்தது 2024 திசம்பரில் வெளிவந்தது. செருமனியின் கேயாசு கணினிக் கழகமும் டெர் சுபீகல் இதழும் இதை வெளிக்கொணர்ந்தன. ஏறத்தாழ 4.6 இலட்சம் வண்டிகளின் இருப்பிடத் தரவு அதில் இருந்தது. சில வகை வண்டிகளுக்கு அது 10 சென்டிமீட்டர் வரை துல்லியமாக இருந்தது. நிறுவனம் தன் நிபந்தனைகளில் கூறிய அளவை விட மிகத் துல்லியமாக இருப்பிடத்தைச் சேமித்து வைத்ததே பாதிப்பைப் பெரிதாக்கியது.

சுபாரு இணையவாயில் (2025)

சுபாரு நிறுவனப் பணியாளர்களுக்கான இணையவாயிலில் குறைபாடு ஒன்றை 2024 நவம்பரில் இரு ஆய்வாளர்கள் கண்டனர். அதன் வழியே ஐக்கிய அமெரிக்கா, கனடா, சப்பான் ஆகிய நாடுகளில் உள்ள வண்டிகளின் ஓராண்டு கால இருப்பிட வரலாற்றைக் காண முடிந்தது. நிறுவனம் 24 மணி நேரத்திற்குள் குறைபாட்டைச் சரிசெய்தது. விவரம் 2025 சனவரியில் வெளியானது.

குடும்ப வன்முறையும் வண்டிச் செயலிகளும்

தரவு வெளியாரிடம் செல்லாமலேயே தீங்கு நேரலாம். வண்டியின் செயலிக் கணக்கு பெரும்பாலும் ஒருவர் பெயரில் இருக்கும். மண உறவில் வன்முறைக்கு உள்ளான ஒருவர் வீட்டை விட்டு வெளியேறி வேறிடத்தில் தங்கினாலும், அவர் ஓட்டிச் செல்லும் வண்டி, கணக்கை வைத்திருப்பவரின் நகர்பேசியில் தன் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய நிகழ்வுகளில் நிறுவனங்களின் உதவி மையங்கள், "கணக்கு உங்கள் பெயரில் இல்லை" என்று கூறி உதவ மறுத்தது சிக்கலை வெளிக்காட்டியது. இதனைத் தொடர்ந்து கலிபோர்னியா மாநிலம் 2024 இல் ஒரு சட்டம் இயற்றியது. பாதிக்கப்பட்டவர் வேண்டினால், கணக்கு வைத்திருப்பவரின் தொலை அணுகலைத் துண்டிக்கும் வழியை நிறுவனங்கள் ஏற்படுத்த வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது.

சட்டங்கள்

ஐரோப்பிய ஒன்றியம்

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, வண்டி அடையாள எண்ணுடன் இணைந்த தரவுகளுக்கும் பொருந்தும். தரவைப் பார்க்கவும், திருத்தவும், அழிக்கக் கோரவும் மக்களுக்கு இது உரிமை அளிக்கின்றது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் இணைப்புத் தானுந்துகளுக்கெனத் தனி வழிகாட்டலை 2021 இல் இறுதி செய்தது. இயன்றவரை தரவை வண்டிக்குள்ளேயே கையாள வேண்டும், இருப்பிடத்தைத் தேவையான வேளையில் மட்டுமே எடுக்க வேண்டும் என்பன அதன் முதன்மைக் கருத்துகள். ஈ-கால் முறைமையும் இக்கருத்தைப் பின்பற்றுகின்றது. மோதல் நேராத வரை அது வண்டியைப் பின்தொடர்வதில்லை. மோதலின்போது நேரம், இடம், செல்லும் திசை, வண்டியின் வகை போன்ற குறைந்த அளவுத் தரவையே அனுப்புகின்றது. 2025 செப்டம்பர் 12 முதல் பொருந்தும் தரவுச் சட்டம், இணைப்புப் பொருள்கள் உருவாக்கும் தரவை அவற்றைப் பயன்படுத்துவோரும் பெற வழி செய்கின்றது.

ஐக்கிய அமெரிக்கா

நாடு முழுமைக்குமான பொதுத் தனியுரிமைச் சட்டம் அங்கு இல்லை. 2015 ஆம் ஆண்டின் ஓட்டுநர் தனியுரிமைச் சட்டம், நிகழ்வுப் பதிவுக் கருவியில் உள்ள தரவு வண்டியின் உரிமையாளருக்கோ குத்தகையாளருக்கோ உரியது என்று கூறுகின்றது. ஆனால் தொலைத்தொடர்பு அலகு அனுப்பும் தரவுக்கு அது பொருந்தாது. காவல்துறை ஒருவரின் தானுந்தில் இடமறி கருவியைப் பொருத்துவது அரசியலமைப்பின்படி ஒரு சோதனையே என உச்ச நீதிமன்றம் 2012 இல் சோன்சு வழக்கில் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் 2020 முதல் நடைமுறையில் உள்ளது. தரவு விற்பனையிலிருந்து விலக விரும்புவோரிடம் தேவைக்கு மேல் விவரம் கேட்டமை முதலிய காரணங்களுக்காக, ஓண்டா நிறுவனத்திற்கு அம்மாநிலத் தனியுரிமை முகமை 2025 மார்ச்சில் 6,32,500 டாலர் தண்டம் விதித்தது.

சீனா

2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தானுந்துத் தரவு விதிகள், தரவை வண்டிக்குள் கையாளுதல், ஓட்டுநர் இசையாவிடில் திரட்டாதிருத்தல், முதன்மையான தரவை நாட்டுக்குள்ளேயே சேமித்தல் ஆகியவற்றை வலியுறுத்துகின்றன.

இந்தியா

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகத்து 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைக்கப்பட்டன.

தொழில்நுட்ப வழிப் பாதுகாப்பு

வடிவமைப்பு நிலையிலேயே பின்வரும் முறைகளைக் கையாண்டு தனியுரிமையைக் காக்கலாம்:

- வண்டிக்குள் கையாளுதல்: ஓட்டுநர் தூங்குகின்றாரா என அறியும் கருவி, படத்தை வெளியே அனுப்பத் தேவையில்லை. எச்சரிக்கை ஒலியை எழுப்பிவிட்டுப் படத்தை உடனே அழித்துவிடலாம்.
- துல்லியத்தைக் குறைத்தல்: சாலை நெரிசலைக் கணிக்கச் சாலையின் பெயரும் வேகமும் போதும். வீட்டு வாயில் வரை தேவையில்லை. பயணத்தின் முதல், இறுதிப் பகுதிகளை வெட்டிவிடுவதும் ஒரு முறை.
- குறுகிய காலச் சேமிப்பு: அழிக்கப்பட்ட தரவு கசிவதில்லை. சுபாரு நிகழ்வில் ஓராண்டு வரலாறு சேமிக்கப்பட்டிராவிட்டால், குறைபாட்டின் விளைவு மிகச் சிறியதாக இருந்திருக்கும்.
- மறையீடு: வழித்தரவு சேமிப்பிலும் போக்குவரத்திலும் மறையீடு செய்யப்பட வேண்டும். திறவுகோல் வேறிடத்தில் இருக்க வேண்டும்.
- மாறும் புனைபெயர்: அருகில் உள்ள வண்டிகள் ஒன்றையொன்று எச்சரிக்கும் முறைமையில், ஒவ்வொரு வண்டியும் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை தன் இடத்தையும் வேகத்தையும் அறிவிக்கின்றது. இச்செய்திகள் மெய்யானவை என உறுதி செய்ய மின்னணுச் சான்றிதழ் தேவை. ஒரே சான்றிதழைப் பயன்படுத்தினால் வண்டியைப் பின்தொடரலாம் என்பதால், அது அடிக்கடி மாற்றப்படுகின்றது.

பயனர் செய்யக்கூடியவை

வாங்கும் முன் விற்பனை முகவரிடம், இணைப்புச் சேவையை ஏற்காமல் வண்டியைப் பயன்படுத்த முடியுமா, எவ்வசதிகள் இழக்கப்படும் எனக் கேட்டறிவது நல்லது. வண்டியை ஒப்படைக்கும் நாளில் முகவரே பயனருக்காகத் திரையில் ஒப்புதல் அளித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அதைத் தவிர்த்து, ஒவ்வோர் ஒப்புதலையும் உரிமையாளரே படித்து அளிக்க வேண்டும்.

பயன்படுத்தும் காலத்தில் செய்யக்கூடியவை:

- திரையிலும் செயலியிலும் உள்ள தனியுரிமை அமைப்புகளைத் தனித்தனியே பார்த்தல். ஒன்றில் அணைத்தது மற்றொன்றில் அணையாதிருக்கலாம்.
- ஓட்டும் முறைக்கு மதிப்பெண் தரும் வசதிகளை, அவற்றின் பயன் தெளிவாகத் தெரிந்தாலன்றி ஏற்காதிருத்தல்.
- நகர்பேசியை இணைக்கும்போது தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பகிர மறுத்தல்.
- வாடகை வண்டியில் மின்னேற்றத்திற்கு யு.எஸ்.பி. முனையைப் பயன்படுத்தாமல், 12 வோல்ட்டு முனையில் பொருத்தும் மின்னேற்றியைப் பயன்படுத்தல்.
- சட்டம் இடமளிக்கும் நாடுகளில், தன்னைப் பற்றிய தரவின் படியை நிறுவனத்திடம் கேட்டுப் பெறுதல்.

வண்டியை விற்கும் முன் மூன்று செயல்கள் தேவை: திரையை ஆலை நிலைக்கு மீட்டமைத்தல், செயலிக் கணக்கிலிருந்து வண்டியை நீக்குதல், இணைப்புச் சேவையை முறைப்படி முடித்துக்கொள்ளுதல். முதலாவதை மட்டும் செய்தால் போதாது. கணக்கு நீக்கப்படாவிடில், பழைய உரிமையாளரின் நகர்பேசியில் புதிய உரிமையாளரின் வண்டி தெரிந்துகொண்டே இருக்கும். எனவே பயன்படுத்திய வண்டியை வாங்குபவரும் முந்தைய கணக்கு நீக்கப்பட்டதா என உறுதி செய்ய வேண்டும்.

தொலைத்தொடர்பு அலகின் மின் உருகியை (பியூசை) நீக்கிவிடும் முறையைச் சிலர் கையாள்கின்றனர். இதனால் அவசர அழைப்பும் தொலை மென்பொருள் திருத்தமும் நின்றுவிடும். சில வண்டிகளில் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி போன்றவையும் அதே இணைப்பில் இருப்பதால் செயலிழக்கும். உத்தரவாதம் பாதிக்கப்படவும் கூடும். பாதுகாப்பையும் தனியுரிமையையும் ஒன்றுக்கொன்று விலையாக்கும் இம்முறை எல்லோருக்கும் ஏற்றதன்று.

விவாதங்கள்

இத்துறையின் அடிப்படை வினா, ஒப்புதல் என்பது உண்மையில் ஒப்புதலா என்பதாகும். தரவுத் திரட்டலை நிறுத்தினால் வண்டியின் செயற்பாடு குறையலாம், சில நிலைகளில் இயங்காமலும் போகலாம் என்று டெசுலா நிறுவனத்தின் தனியுரிமை அறிவிப்பு எச்சரித்திருந்தது. பெரும் பணம் கொடுத்து வாங்கிய பின்னர் திரையில் தோன்றும் ஒப்பந்தத்தை மறுப்பது பலருக்கு இயலாதது. மேலும், உரிமையாளர் அளிக்கும் ஒப்புதல் பின் இருக்கையில் அமர்ந்திருப்பவரையோ, வண்டியை இரவல் வாங்கி ஓட்டும் உறவினரையோ, சாலையைக் கடக்கும் வழிப்போக்கரையோ கட்டுப்படுத்துவதாகக் கொள்ள முடியாது. இவர்கள் எவருக்கும் அத்திரை காட்டப்படுவதில்லை.

மறுபுறம், ஓட்டும் முறையின் அடிப்படையில் கட்டணம் விதிப்பது கவனமாக ஓட்டுபவருக்கு நன்மை தரும் எனக் காப்பீட்டுத் துறையினர் வாதிடுகின்றனர். இதற்கு எதிராக, ஓர் எண் சூழலைக் காட்டுவதில்லை எனக் கூறப்படுகின்றது. குறுக்கே ஓடிய குழந்தையைக் காக்க அழுத்திய தடையும், கவனக்குறைவால் அழுத்திய தடையும் பதிவேட்டில் ஒரே வகையாகவே தோன்றும். இரவுப் பணி செய்யும் செவிலியரின் பயணமும் இரவில் ஊர் சுற்றுபவரின் பயணமும் அவ்வாறே. தரவு வண்டிக்குள்ளேயே தங்குமாயின் இவ்வேறுபாட்டால் தீங்கில்லை. அது வெளியே சென்று ஒருவரைப் பற்றிய மதிப்பீடாக மாறும்போது, அவர் அதைக் காணவும், மறுத்துக் கூறவும், திருத்தவும் வழி இருக்க வேண்டும் என்பதே தனியுரிமை ஆர்வலர்களின் முதன்மைக் கோரிக்கை ஆகும்.